புது இன்சூரன்ஸ், புது கைனகாலஜிஸ்ட்: பட்டியலுக்கு ஒன்றரை ஸ்டார், டாக்டருக்கு நாலரை

வேலை மாறியதில் இன்சூரன்சும் மாறியது, பதினொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த கைனகாலஜிஸ்ட் புது நெட்வொர்க்கில், அதாவது புது இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்பந்தம் வைத்திருக்கும் டாக்டர்கள் வட்டத்தில், இல்லை. பல் டாக்டர் என்றால் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். என் ஃபைப்ராய்டை (கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோய் அல்லாத கட்டி) அது பட்டாணி அளவில் இருந்தபோதிலிருந்து தெரிந்தவரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் வயதுக்கு வந்த கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் டாக்டர் பட்டியல். தேடினால் பதினான்கு பெயர் வந்தது. போன் போட்டுப் பார்த்தால் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இரண்டு பேர் அந்த கிளினிக்கை விட்டே போய்விட்டார்கள், ஒரே டாக்டர் மூன்று முகவரியில் மூன்று ஆளாக நிற்கிறார். புது பேஷன்ட் எடுப்பதில்லை என்றவர்களையும் கழித்தால் மிச்சம் இரண்டே பேர். ஒன்றரை ஸ்டாரே தாராளம்.

போனில் "எங்க இன்சூரன்ஸ் எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எடுப்போம் என்றுதான் சொல்வார்கள். கம்பெனிக்கு பில் அனுப்புவது வேறு, நெட்வொர்க்கில் இருப்பது வேறு, அதிலும் ஒரே கம்பெனியின் ஒரு பிளானுக்கு இருப்பவர் இன்னொரு பிளானுக்கு இல்லாமல் போகலாம். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பிளான் பெயரை அப்படியே படித்துக் காட்டிக் கேளுங்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கம்பெனிக்கும் ஒரு போன்.

சரி, டாக்டர். ஐம்பது நிமிஷம் காக்க வைத்தார், அரை ஸ்டார் அங்கேதான் போனது. உள்ளே போனதும் உடை மாற்றச் சொல்லவில்லை. முதலில் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். கடைசி டேட் எப்போது, எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து பேடு மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பழைய கிளினிக்கில் கேட்டு வாங்கி வைத்திருந்த ரிப்போர்ட்டுகளைக் கொடுத்தேன். இரண்டு ஸ்கேனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஃபைப்ராய்டு அளவுகளின் கீழே பேனாவால் கோடு போட்டு, "3.1 சென்டிமீட்டர், 3.3. பெருசா வளரலம்மா, இது அளக்கிற ஆளைப் பொறுத்துகூட மாறும்" என்றார். அந்தக் காகிதங்கள் இல்லாமல் போயிருந்தால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பரிசோதனையின்போது நர்ஸ் ஒருவர் கூடவே நின்றார். உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியில் சின்ன சைஸ் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, இப்போது தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். வலித்தால் சொல், நிறுத்திவிடுகிறேன் என்றார். சொன்னேன், நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி நடந்தது இதுதான் முதல் தடவை (பழைய டாக்டரம்மா மேல் பாசம் உண்டு, ஆனால் கை கொஞ்சம் முரடு).

வந்ததுதான் வந்தோம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கான டெஸ்டையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இரண்டு வருஷம் முன்பு எடுத்த எச்பிவி டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) நெகட்டிவ் என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே, இப்போது வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலே பொதுவாக ஐந்து முதல் பத்து வருஷ இடைவெளி என்கிறது. வேண்டாத டெஸ்டை வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் கிடைப்பது லேசா என்ன!

ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ரத்தசோகை இருக்கிறதா பார்க்க எடுத்த ரத்தத்தை கிளினிக் தன் வழக்கமான லேபுக்கு அனுப்பிவிட்டது. டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறார், லேப் இல்லை! மூன்று வாரம் கழித்துத் தனி பில் வந்து நிற்கிறது. ஊசி போடும் முன்பே எந்த லேபுக்குப் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும், நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் நல்ல மாதிரி, பில்லை மாற்றிப் போடச் சொல்லி எழுதியிருக்கிறாள். ஹீமோகுளோபின் 10.4, இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது. அடுத்த ஸ்கேனுக்கு அவரிடமேதான் தேதி வாங்கியிருக்கிறேன், இந்த முறை ஸ்கேன் சென்டர் பெயரைக் கேட்டுக் கம்பெனியில் சரிபார்த்த பிறகு.