ஒரே விபத்து, இரண்டு வழக்கு: பிரிட்டன் சட்டத்தில் அபராதமும் இழப்பீடும்

காப்புறை இல்லாத எந்திரத்தில் ஒருவர் விரலை இழக்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு இரண்டு வழக்குகள் வரலாம். வேலையிடப் பாதுகாப்புத் தகுதிக்கான நெபோஷ் தேர்வுக்குப் படிப்பவர்கள் இவ்விரண்டையும் கலந்து எழுதித்தான் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

குற்றவியல் வழக்குக்கு அடிப்படை 1974-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம். தொடுப்பது எச்.எஸ்.இ. என்ற அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு அல்லது உள்ளாட்சி மன்றம். யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டியதில்லை, ஆபத்துக்கு ஆளாக்கினாலே குற்றம். நியாயமாக இயன்றதையெல்லாம் செய்தோம் என்று நிரூபிக்கும் சுமையை 40-ஆம் பிரிவு நிறுவனத்தின் தலையில் வைக்கிறது. ‘செலவு கட்டுப்படியாகவில்லை’ என்ற வாதம் எளிதில் எடுபடாது. ஆபத்தின் அளவோடு பார்த்தால் செலவு மிதமிஞ்சியதாக இருக்க வேண்டும் என்பது 1949-இல் எட்வர்ட்ஸ் எதிர் தேசிய நிலக்கரி வாரியம் வழக்கிலேயே முடிவான விஷயம். அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, காப்பீடும் அதைக் கட்டாது.

உரிமையியல் வழக்கில் காயம்பட்டவரே வாதி. முதலாளிக்குக் கவனக் கடமை (தொழிலாளிக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு) இருந்தது, அதை மீறினார், மீறலால்தான் காயம், அதனால் இழப்பு என்ற நான்கையும் அவர்தான் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்ற அளவு போதும். இழப்பீட்டைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான் கொடுக்கும், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் காப்பீடு கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டு. தொழிலாளியின் பக்கமும் தவறிருந்தால் 1945-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விகிதத்துக்குத் தொகை குறையும்.

2013 வரை இன்னொரு வழியும் இருந்தது. பாதுகாப்பு விதி மீறப்பட்டது என்று காட்டினாலே போதும், அந்த விதி கண்டிப்பானதாக இருந்தால் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பிரேக் உடைந்து சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒரு தபால்காரர் இப்படித்தான் 2000-இல் மேல்முறையீட்டில் வென்றார். எவ்வளவு சோதித்தாலும் அந்தக் குறை தெரிந்திருக்காது. ஆனாலும் அஞ்சல் நிறுவனமே பொறுப்பு என்றது நீதிமன்றம். 1.10.2013 முதல், சில விதிவிலக்குகள் தவிர, அந்தக் கதவு மூடப்பட்டது. தொழிலாளிக்கு இது பெரிய இழப்பு, பராமரிப்புப் பதிவேடுகள் எல்லாம் இருப்பது எதிராளியின் அலமாரியில் அல்லவா? இன்று அதே தபால்காரர் வந்தால் குறைபாடுள்ள கருவிகள் பற்றிய இன்னொரு 1969 சட்டத்தைப் பிடிக்கலாம், ஆனால் கோளாறு தயாரிப்பாளர் போன்ற வேறொருவரின் தவறால் வந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்.

விதிகள் அதற்காகப் பயனற்றுப் போய்விடவில்லை. பொறுப்புள்ள முதலாளி என்ன செய்திருப்பார் என்பதற்கு அளவுகோலாக அவற்றை இன்றும் காட்டலாம். அதைவிட வலுவானது, நிறுவனம் ஏற்கெனவே பெற்ற குற்றத் தீர்ப்பு. 1968-ஆம் ஆண்டு உரிமையியல் சாட்சியச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்து பலர் இழப்பீட்டு வழக்குக்கான கெடுவை விட்டுவிடுகிறார்கள். காயமும் அதன் காரணமும் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு, குற்ற வழக்கு நடக்கிறது என்று அந்தக் கடிகாரம் நிற்காது. முதலில் இழப்பீட்டு வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு அதன் விசாரணையை நிறுத்திவைக்கக் கேட்பதே பாதுகாப்பு.