பெரியம்மாவின் வைப்புத்தொகையும் வங்கியின் சமூகப் பொறுப்பும்

சிங்கப்பூரிலிருந்து இம்முறை ஊருக்குப் போனதில், காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கழிந்த முற்பகல்தான் இன்னும் மனத்தை உறுத்துகிறது. முதிர்ந்த வைப்புத்தொகையை எடுத்து வேறொருவர் கணக்குக்கு, பெருந்தொகையை உடனடியாக அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் அனுப்பப் பெரியம்மா படிவம் கொடுத்திருந்தார். கையெழுத்தின் கடைசி எழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பி வந்தது. எழுபதைக் கடந்த விரல்கள் நடுங்கத்தானே செய்யும்! "ஆச்சி, பழையபடி வளைச்சுப் போடுங்க" என்றார் முகப்பில் இருந்த இளைஞர், மரியாதையாகத்தான். புதிய படிவத்தை நான் நிரப்பும்போதுதான் பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தேன்; எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாத பெயர். மாதாமாதம் லாபம் தருவதாக வாட்ஸ்அப் குழுவில் வந்த, கிரிப்டோ எனப்படும் மெய்நிகர் நாணயத் திட்டமாம்.

"அரசாங்கமே வரி வாங்குதுல்ல, அப்புறமென்ன பயம்?" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் இத்தகைய லாபத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு என்பது உண்மைதான். ஆனால் வரி விதித்ததாலேயே அது செல்லுபடியாகும் பணம் ஆகிவிடாது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி சோதனை முறையில் மக்களிடம் விட்ட டிஜிட்டல் ரூபாயும் இதுவும் ஒன்றுதான் என்றுகூட நம்பவைத்திருந்தார்கள். இந்த நாணயங்களில் ஈடுபடுவோருக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. தடை போனாலும் ஆபத்து போகவில்லை என்பதை வாடிக்கையாளருக்கு வேறு யார் சொல்வது?

அதே கிளையின் சுவரில், பள்ளிக்குக் குடிநீர்க் கருவி வழங்கிய சமூகப் பொறுப்புப் படம் தொங்கியது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை இப்படிச் செலவிட வேண்டும் என்கிறது. ஆனால் வணிகத்தில் மகமை என்று அறத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கிக் கோயிலும் பள்ளியும் கட்டிய இந்த மண்ணில், பெட்டியடியில் உட்கார்ந்தவர் பணம் யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் ஒரு காசும் வெளியே விட்டதில்லை. அந்த விசாரிப்பும் பொறுப்பில் சேர்ந்ததுதான். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த மேலாளர் இருந்திருந்தால், "எதுக்கு ஆச்சி இவ்வளவையும் எடுக்கிறீக?" என்று நாற்காலி போட்டுக் கேட்டிருப்பார்.

சிங்கப்பூரில் முதியவர் பெருந்தொகை எடுக்க வந்தால் ஊழியர்கள் நிறுத்தி விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மெய்நிகர் நாணய வணிகத்தைப் பொது இடங்களில் விளம்பரப்படுத்தக் கூடாது என்று அங்கே நாணய ஆணையம் 2022 ஜனவரியிலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. செட்டிநாட்டுக் கிளைகளுக்குப் பெரிய செலவே தேவையில்லை: முகப்பில் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை, இணையவழி மோசடிக்கான 1930 என்ற உதவி எண், முதியவரிடம் ஒரு கேள்வி. பெரியம்மாவின் பணத்தை மறுபடியும் வைப்பில் போட்டுவிட்டு, இந்த மூன்றையும் கேட்டு மேலாளரிடம் எழுத்துமூலம் கடிதம் கொடுத்திருக்கிறேன், பதிலை எதிர்பார்க்கிறேன்.