காசு கொடுத்து வாங்கிய பாடம், திறக்க மாட்டேன் என்கிறது

மகளின் உயர்தரப் பௌதிகத்துக்காக வீடியோப் பாடங்கள் அடங்கிய பென்டிரைவ் ஒன்று வாங்கினேன். பாடம் அருமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் உலாவி வழியாக உள்நுழைந்தால்தான் அது திறக்கும், நாங்கள் இருப்பதோ முல்லைத்தீவுப் பக்கம், மழை இருட்டினாலே சிக்னல் போய்விடும், போதாக்குறைக்குப் போன மாதம் உலாவியை அப்டேட் செய்ததிலிருந்து வெறும் வெள்ளைத் திரைதான். சரி, ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்றால் அதற்கும் பூட்டு. கேட்டால் 'பதிப்புரிமை' என்று ஒற்றை வரிப் பதில்! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து சொந்தத் தேவைக்கு ஒரேயொரு பிரதி எடுக்கச் சில விலக்குகளோடு இடம் தருகிறதே (மென்பொருளுக்கு விதி வேறு). பரீட்சை நெருங்குகிறது, பிள்ளை அழுகிறாள். வன்னியில் இருப்பவர்கள் இணைப்பில்லாமல் திறக்குமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.