சைக்கிளை ஃபிளைட்ல ஏத்த ஹார்ட் கேஸா, சாஃப்ட் பேகா, அட்டைப்பெட்டியா?

கோவா அயர்ன்மேன் 70.3க்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த போட்டி) போறவங்களும் சரி, மணாலி–லே ரைடு முடிச்சுட்டு லேல இருந்து ஃபிளைட்ல திரும்புறவங்களும் சரி, கேக்குறது ஒரே கேள்விதான், சொந்த சைக்கிளை எதுல பேக் பண்ணி ஏத்துறது? நான் ஹார்ட் கேஸை வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன், ஃப்ரெண்டோட சாஃப்ட் பேகையும் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தேன், இப்ப உள்நாட்டு டிரிப்னா அட்டைப்பெட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன். அதனால என் ஓட்டு எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிடுறேன்.

பாதுகாப்புல ஹார்ட் கேஸ்தான் முதல், அடுத்து சாஃப்ட் பேக், கடைசி அட்டைப்பெட்டி. இதுல பேச ஒண்ணும் இல்ல. விலையும் அதே வரிசைதான், ஒரு நல்ல ஹார்ட் கேஸ் விலைக்கு ஒரு சுமாரான சைக்கிளே வாங்கிடலாம், அட்டைப்பெட்டி சைக்கிள் கடையில கேட்டா சும்மாவே கிடைக்கும், புது சைக்கிள் எல்லாம் அதுலதானே வருது.

ஆனா நிறைய பேர் விட்டுடுற விஷயம் ஒண்ணு இருக்கு, காலிப் பெட்டியோட எடை. கேஸ் வாங்கும்போது ஒருதடவைதான் காசு கொடுக்குறோம்னு நினைக்கிறோம், ஆனா அதோட எடைக்கு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் ஏர்லைனுக்குக் கட்டணும், போக ஒண்ணு வர ஒண்ணு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். இண்டிகோல உள்நாட்டு செக்-இன் 15 கிலோ. ஏர் இந்தியாவும் 2024ல குறைஞ்ச ஃபேர்களுக்கு 15 கிலோவா குறைச்சுட்டாங்க. ரோடு பைக் ஒண்ணு பெடல் எல்லாம் சேர்த்து எட்டரைல இருந்து ஒன்பதரை கிலோ வரும், 9னு வெச்சுக்கலாம். ஹார்ட் கேஸ் காலியாவே 10ல இருந்து 13 கிலோ, சக்கரமும் பூட்டும் கெட்டி பிளாஸ்டிக்கும் சேர்ந்து அவ்ளோ ஆயிடும், ஆக மொத்தம் 19ல இருந்து 22. சாஃப்ட் பேக் 6ல இருந்து 9 கிலோ, உள்ள உலோகச் சட்டம் இருக்கிற மாடல்னா இன்னும் கூட, அதனால மொத்தம் 15ல இருந்து 18 ஆயிடும். அட்டைப்பெட்டியோ ஃபோம், டேப் எல்லாம் சேர்த்தாலே நாலு கிலோவுக்குள்ள முடிஞ்சுடும், மொத்தம் 13. அதாவது 15க்குள்ள நிச்சயமா வர்றது இது ஒண்ணுதான், மேல ஷூ, ஜெர்சி வைக்கக்கூட இடம் இருக்கும்.

இப்ப கூடுதல் எடைக்கு கவுண்டர்ல கிலோவுக்கு 600 ரூபான்னு வெச்சுப் பார்ப்போம், அப்பப்ப மாறும் ஆனா கிட்டத்தட்ட அந்த ரேஞ்ச்தான். ஹார்ட் கேஸ்ல 7 கிலோ கூட இருந்தா ஒரு பக்கத்துக்கு 4,200, போயிட்டு வந்தா 8,400. ஆன்லைன்ல முன்னாடியே எக்ஸ்ட்ரா பேகேஜ் வாங்கினா குறையும், ஆனா அங்க ஸ்லாப் ஸ்லாபாதான் விக்கிறாங்க, 7 கிலோ வேணும்னா 10 கிலோ ஸ்லாப் வாங்கணும். சில சமயம் 25 கிலோ தர்ற மேல் ஃபேர் டிக்கெட்டே மலிவா முடியும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு புக் பண்ணுங்க. ஃப்ரெண்ட்ஸோட போறீங்கன்னா ஒரே பி.என்.ஆர்ல போட்டுக்கிட்டா பொதுவா எல்லார் எடையையும் கூட்டித்தான் பார்ப்பாங்க, பை இல்லாம வர்றவர் ஒருத்தர் கூட இருந்தா பெரிய உதவி.

நீளம் அகலம் உயரம் கூட்டி 158 செ.மீ.தான் சாதாரண பெட்டிக்கு வழக்கமான எல்லை. சைக்கிள் எந்தப் பெட்டியில போட்டாலும் இதைத் தாண்டிடும், நான் எடுத்த அட்டைப்பெட்டியே கூட்டினா 230க்கு மேல வந்துச்சு. அதனால ஓவர்சைஸ்னோ ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட்னோ தனி சார்ஜ் போடுற ஏர்லைனா இருந்தா மூணுக்கும் அதே சார்ஜ்தான், பெட்டியை மாத்தி நாம குறைக்கக்கூடியது எடையை மட்டும்தான். இன்னொண்ணு, எவ்ளோ காசு கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது, அது தூக்குறவங்க முதுகுக்காக வெச்ச விதி, கேஸ்ல இடம் இருக்கேன்னு டூல்ஸ் எல்லாம் திணிக்காதீங்க.

வெளிநாட்டு டிரிப்ல இந்தக் கணக்கே வேற. எமிரேட்ஸ் மாதிரி ஏர்லைன்ல ஸ்போர்ட்ஸ் சாமான் உங்க வழக்கமான எடைக்குள்ளயே சேரும், மொத்த அளவு 300 செ.மீ. வரைக்கும் விடுறாங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல 23 கிலோவுக்குள்ள, 190 x 75 x 65 செ.மீ.க்குள்ள இருந்தா சைக்கிளை ஒரு பையா எடுத்துக்குறாங்க. அமெரிக்காவுல சைக்கிளுக்கு 150 டாலர் வாங்கிட்டு இருந்த அமெரிக்கன், டெல்டா ரெண்டும் 2019ல அதை எடுத்துட்டு சாதாரண செக்-இன் பேகுக்கு உள்ள சார்ஜ் போதும்னு சொல்லிட்டாங்க. இதுக்கு நேர் எதிர் ஐரோப்பாவோட ரையன்ஏர், சைக்கிளுக்குன்னு தனி கட்டணம் உண்டு, 30 கிலோ வரைக்கும் ஒரே ரேட். இந்த மாதிரி ரூட்ல 22 கிலோ ஹார்ட் கேஸுக்கு அட்டைப்பெட்டியை விட கூடுதலா ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல, அங்க தாராளமா அதையே எடுக்கலாம். ஆனா இந்த ரூட் எல்லாம் நான் சைக்கிளோட பறந்ததில்ல, விதியைப் படிச்சுத்தான் சொல்றேன், டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒருதடவை ஏர்லைன் சைட்ல பார்த்துக்கோங்க.

அட்டைப்பெட்டிக்கு இன்னொரு பெரிய பிளஸ், ஓரிடத்துல ஆரம்பிச்சு வேற இடத்துல முடியுற ரைடு. மணாலில இருந்து லேக்கு ஓட்டுறவன் ஹார்ட் கேஸை எங்க வைப்பான்? போகும்போது ஒரு பெட்டியைக் கிழிச்சுப் போட்டுட்டு, அங்க போய் சைக்கிள் கடையில இன்னொண்ணு வாங்கிக்கலாம், கடைக்காரர்கிட்ட போன் பண்ணி முன்னாடியே சொல்லி வெச்சுடணும், அவ்ளோதான்.

குறையும் இருக்கு. மழைக்குத் தாங்காது, விமானம் நிக்கிற இடத்துல நனைஞ்ச தரையில அரை மணி நேரம் கிடந்தா அடிப்பக்கம் ஊறிடும், அதனால உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சுட்டுத்தான் சைக்கிளை இறக்கணும். கைப்பிடி ஓட்டைதான் முதல்ல கிழியும், அதைச் சுத்தி ரெண்டு பக்கமும் டேப் போடணும். சக்கரம் இல்லாததால பார்க்கிங்ல இருந்து கவுண்டர் வரைக்கும் டிராலியில குறுக்க வெச்சுத் தள்ளிட்டுப் போறது நிஜமாவே கஷ்டம், தனியாப் போறவங்களுக்கு இந்த இடத்துல சாஃப்ட் பேக்தான் சுகம்.

பேக்கிங் ஒழுங்கா இருந்தா பாதுகாப்பு வித்தியாசமும் பாதி குறையும்னு நான் நம்புறேன். அடிபடுறது பெரும்பாலும் பின்னாடி கியர் மாத்துற டீரெயிலர்தான், அதை ஹேங்கர்ல (அதைத் தாங்குற சின்ன உலோகத் துண்டு) இருந்து கழட்டி பபிள் ராப் சுத்தி செயின்ஸ்டேக்கு (பின் சக்கரத்துக்குப் போற கீழ்க் குழாய்) உள்பக்கமா கட்டிடுங்க, ஹார்ட் கேஸ்ல வெச்சும் இதைக் கழட்டாம விட்டு ஹேங்கர் வளைஞ்சவங்களை எனக்குத் தெரியும். முன் சக்கரம் கழட்டின ஃபோர்க் நடுவுல கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் ஸ்பேசர் வைங்க, டிஸ்க் பிரேக்னா பிரேக் பேட் இருக்கிற காலிபர் உள்ளயும் ஒண்ணு, இல்லன்னா யாராவது லீவரை அழுத்தினா பேட் ரெண்டும் ஒட்டிக்கும். ஃப்ரேமுக்கு ஏசி பைப்புக்குப் போடுற கறுப்பு ஃபோம் டியூப் போதும், ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கொடுப்பாங்க. இடது பெடல் மட்டும் கடிகாரச் சுத்துப் பக்கம் திருப்பினாத்தான் கழலும். டயர்ல காத்தைக் குறைச்சுடுங்க, சிஓ2 கேட்ரிட்ஜை வீட்டுலயே வெச்சுட்டு கைப்பம்ப் கொண்டுபோங்க. இ-பைக்னா 160 வாட்-அவருக்கு மேல இருக்கிற பேட்டரியைப் பயணிகள் விமானத்துல எந்தப் பெட்டியிலயும் ஏத்த மாட்டாங்க.

இறங்கின உடனே பெல்ட் பக்கத்துலயே பெட்டியைத் திறந்து பாருங்க. உடைஞ்சிருந்தா வெளிய வர்றதுக்கு முன்னாடி ஏர்லைன் டெஸ்க்ல எழுதி வாங்கணும், சர்வதேசப் பயணத்துல மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் கடைசியில இருந்து 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். வெச்சிருக்கிற கணக்கு அலகு), நம்ம பணத்துல ஒன்றரை லட்சத்துக்கு மேல.

ஒரு விதிவிலக்கு சொல்லணும். கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் ஹேண்டில்பாருக்கு உள்ளயே ஓடுற புது ஏரோ பைக் (காத்தைக் கிழிச்சுட்டுப் போற வடிவம்), டிடி பைக் (டைம் டிரையல் ரேஸுக்கானது) வெச்சிருந்தா அதைக் கழட்டி அட்டைப்பெட்டியில அடக்குறது பெரும்பாடு. எங்க குரூப்ல அந்த மாதிரி வெச்சிருக்கிறவங்க ஹேண்டில்பாரைக் கழட்டாமலே வைக்கிற சாஃப்ட் பேகைத்தான் எடுக்குறாங்க, கூட வர்ற ரெண்டு மூணு கிலோவுக்கு ஆன்லைன்ல முன்னாடியே கட்டிடுறாங்க. அந்த பைக்குக்கு நானும் அதையேதான் செய்வேன்.