தொழில் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா? ஒரு பட்டறைக்காரனின் ரிவ்யூ

ஐந்துக்கு மூன்று ஸ்டார். அந்த மூன்றில் இரண்டரை, சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனு தயார் பண்ணுகிற அக்காவுக்கு. மிச்ச அரை ஸ்டார் மேடையில் சால்வை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு.

எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. கோவையில் தொழில் சங்கங்களுக்குப் பஞ்சம் கிடையாது, நான் சொல்கிற குறைகளும் நிறைகளும் பெரும்பாலான சங்கங்களுக்குப் பொருந்தும் என்றுதான் மற்ற சங்கத்து நண்பர்களிடம் பேசும்போது தெரிகிறது. நம்மிடம் இருப்பது ரெண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு ட்ரில்லிங் உள்ள சின்னப் பட்டறை. பம்ப் கம்பெனிக்கும் வால்வு கம்பெனிக்கும் ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் கொடுக்கிற பொருளைக் கடைந்து கொடுத்துக் கூலி வாங்குவது. இந்த மாதிரி ஆட்கள் ஏப்ரல் வந்தால் கேட்கிற கேள்வி, "சந்தா கட்றதுல நமக்கு என்னங்க பிரயோஜனம்?" என்பது. அதற்குத்தான் இந்தப் பதில்.

டைரி, காலண்டர், கண்காட்சியில் ஸ்டால் தள்ளுபடி, குடும்ப விழாவில் சாப்பாடு, இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும், அதற்குச் சந்தா வேண்டாம். சங்கம் நமக்கு விற்கிற ஒரே சரக்கு, அரசாங்கத்திடம் நமக்காகப் பேசுவது. அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் மதிப்பெண்.

முதலில் கரண்ட் விஷயம். 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டுக்காரர்கள் யூனிட் விலையைப் பார்த்தார்கள். எங்களை அடித்தது நிலைக்கட்டணம். தாழ்வழுத்தத் தொழில் இணைப்புக்கு, அதாவது 3பி-க்கு, கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது, 50 கிலோவாட் வரைக்கும் 75 ஆகவும் அதற்கு மேலே 112 கிலோவாட் வரைக்கும் 150 ஆகவும் ஆகிவிட்டது. 112 கிலோவாட் வைத்திருந்தவருக்கு 3,920 ரூபாய் இருந்த இடத்தில் 16,800. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய காசு இது. ஆர்டர் இல்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதத்துக்கும் சேர்த்துத்தான். அப்புறம் பீக் ஹவர் கட்டணம் என்று ஒன்று, மின்தேவை அதிகமாக இருக்கிற நேரத்துக்குக் கூடுதல் கட்டணம், அதுவரை பெரிய ஆலைகளுக்கு மட்டும் இருந்தது சின்ன இணைப்புக்கும் வந்தது. காலையிலும் மாலையிலும் அந்த நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டால் ஆளுக்கு யார் கூலி கொடுப்பது?

அந்த உயர்வுக்கு முன்னால், ஆகஸ்டில், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை மூன்று இடத்திலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. இந்த மாதிரிக் கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொருவராக மைக் பிடித்துத் தொழில் நசிந்துவிடும், குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று பேசுவார்கள், எல்லாம் உண்மைதான், கைதட்டலும் விழும். ஆனால் ஆணையம் என்பது கிட்டத்தட்டக் கோர்ட் மாதிரி. எழுத்தில் கொடுத்த ஆட்சேபணைகளைத் தொகுத்து, அதற்கு மின்வாரியம் சொன்ன பதிலையும் போட்டு, தன் முடிவையும் ஆணையில் எழுத வேண்டும். அங்கே கண்ணீருக்கு மதிப்பு குறைவு, அட்டவணைக்கு மதிப்பு அதிகம். எங்கள் அக்கா அதற்குப் பல வாரம் முன்பே உறுப்பினர்களிடம் பழைய ஈ.பி. பில்களை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினார். இணைப்பு எத்தனை கிலோவாட், ஓடியது எத்தனை யூனிட், புதுக் கட்டணம் வந்தால் மொத்தப் பில்லில் நிலைக்கட்டணம் எவ்வளவு பங்கு, எல்லாவற்றையும் இரண்டு பக்க அட்டவணையாக்கிக் கொடுத்தார். நிர்வாகிகள் ஐந்து பக்கத்துக்கு உருக்கமாக எழுதிய கடிதத்துக்குப் பின்னால் அது இணைப்பாகப் போனது. என்னைக் கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் பின்னால் வைத்திருக்க வேண்டும்.

கட்டணம் ஏறத்தான் செய்தது. ஒவ்வொரு ஜூலையும் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றலாம் என்றும் அதே ஆணையில் வழி வைத்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கத் தொழில் அமைப்புகள் சேர்ந்து ஒருநாள் கதவடைப்பு நடத்தின. அன்றைக்குச் சின்னப் பட்டறைகள் இருக்கிற தெருக்களில் சத்தமே இல்லை. நிலைக்கட்டணத்தைக் குறை, பீக் ஹவரை எடு, 12 கிலோவாட்டுக்குக் கீழே உள்ளவர்களைக் கட்டணம் குறைவான 3ஏ1 பிரிவுக்கு மாற்று என்று கேட்டார்கள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை, பீக் ஹவர் விஷயத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் தனியாக ஒருநாள் ஷட்டரை இறக்கினால் பக்கத்து டீக்கடைக்காரர்கூட என்ன ஏது என்று கேட்க மாட்டார். சந்தாவில் பாதிக் காசு அந்த ஒருநாளிலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜி.எஸ்.டி.யில் கதை வேறு. 2017-ல் வந்தபோது இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீதம். பொருள் அவனுடையது, நாம் கடைந்து கொடுப்பதற்கு வாங்குவது கூலி, அதற்கு 18-ஆ என்று இங்கே இருந்த எல்லாச் சங்கமும் கோவை, சென்னை, டெல்லி என்று மனுவோடு அலைந்தன. 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் 12 ஆகக் குறைத்தது, அக்டோபர் 1 முதல் அமல். அன்றைக்கு இனிப்பு கொடுத்தார்கள், நானும் சாப்பிட்டேன். அதே கூட்டத்தில்தான் வெட் கிரைண்டருக்கும் 12-லிருந்து 5. நம் ஊர்ச் சரக்கு, சந்தோஷம்தான். 2022 ஜூலையில் அந்த 5 நேராக 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கையே எடுத்துவிட்டார்கள், அதில் பல பொருளுக்கு 5 ஆகக் குறைந்தது, நம் ஜாப் ஒர்க் மட்டும் மேலே ஏறி மறுபடி 18-க்கே போய்விட்டது.

"கம்பெனிக்காரன் உனக்குக் கொடுக்கிற வரியைத் தான் கட்டுகிற வரியில் கழித்து கிரெடிட் எடுத்துக்கொள்வானே, உனக்கென்ன நஷ்டம்?" என்று ஆடிட்டர்கள் கேட்பார்கள். நஷ்டம் இப்படி. நமக்கு உள்ளே வருகிற செலவில் பெரும்பகுதி ஆள் கூலி, அதற்கு கிரெடிட் கிடையாது. ஆகவே வசூலிக்க வேண்டிய வரியில் பெரும்பகுதியைக் கையிலிருந்து அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து பேமெண்ட் வருவதோ மூன்று மாதம் கழித்து, சில இடத்தில் நாலு மாதம். வராத காசுக்கு வரி கட்ட நான் வட்டிக்கு வாங்குகிறேன். 12 ஆக இருந்தபோது வாங்கியதைவிட 18 ஆகும்போது ஒன்றரை மடங்கு.

இங்கேதான் சங்கத்துக்கு ஒரு ஸ்டாரை வெட்டினேன். வரிக் குறைப்பு அறிவிப்பு வந்த அடுத்த நாளே எங்கள் சங்கம் பிரதமருக்கும் நிதியமைச்சருக்கும் நன்றி சொல்லி அறிக்கை விட்டது. ஏ.சி.க்கும் டி.வி.க்கும் வரி குறைந்ததற்கெல்லாம் நன்றி இருந்தது. ஜாப் ஒர்க் ஏறியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குரூப்பில் நாலு பேர் சத்தம் போட்ட பிறகு, அப்புறம் ஒரு மனு தயாரானது. நன்றிக் கடிதம் போன வேகத்தில் கோரிக்கைக் கடிதம் போகாதது ஏன் என்று யோசித்தால், பதில் நிர்வாகக் குழுவில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஜாப் ஒர்க் செய்கிறவர்களைவிட ஜாப் ஒர்க் கொடுக்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு 12-ம் ஒன்றுதான், 18-ம் ஒன்றுதான்.

இது யார் மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. சிறுதொழில் என்ற வார்த்தைக்குள் யார் யாரெல்லாம் வருகிறார்கள் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மாறின வரையறையின்படி ஆண்டுக்கு 10 கோடி வரை வியாபாரம் செய்கிறவர் குறுந்தொழில், 100 கோடி வரை சிறுதொழில், 500 கோடி வரை நடுத்தரம். முதலீட்டுக்குத் தனி உச்சவரம்பு. ரெண்டு லேத் வைத்திருக்கிற நானும் குறு, எனக்கு வேலை தருகிற பவுண்டரிக்காரர் எட்டு கோடி வியாபாரம் செய்தால் அவரும் குறு. குறு, சிறு, நடுத்தரம் மூன்று பேரும் ஒரே சங்கத்தில், ஒரே மேசையில், ஒரே மனுவில் கையெழுத்து.

45 நாள் சட்டத்தில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டத்திலேயே, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் காசு கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க சமாதான் என்ற இணையதளம் 2017-லேயே வந்தது, கோவையிலேயே விசாரிக்க மன்றம் இருக்கிறது, உத்தரவு வந்த பிறகு காசு தர வேண்டிய கம்பெனி அதை எதிர்த்துப் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் கிடையாது. ஆனால் சோறு போடுகிற கம்பெனி மேல் யார் கேஸ் போடுவது? அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்தார்கள், 2023-24 கணக்கு வருடத்திலிருந்தே பொருந்தும்: குறு, சிறு நிறுவனத்துக்குக் குறித்த நாளுக்குள் காசு கொடுக்காவிட்டால் அந்த வருடக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. நாம் யார் மேலும் புகார் கொடுக்க வேண்டாம், அவருடைய ஆடிட்டரே அவரைக் கேட்பார். அருமையான யோசனை. 2024 மார்ச்சில் எனக்கு வராது என்று விட்டிருந்த பழைய பாக்கிகூட வந்தது.

அதே மார்ச்சில் நாடு முழுக்க வியாபாரிகள் அமைப்புகள் இதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டன. எங்கள் சங்கத்திலும் தள்ளிவைக்கக் கோரலாமா என்று பேச்சு வந்தது. ஜாப் ஒர்க்காரர்கள் கொதித்துவிட்டோம். காசு வர வேண்டியவனும் காசு தர வேண்டியவனும் ஒரே கட்டடத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்? கடைசியில் சங்கம் இரண்டு பக்கமும் பேசாமல் ஒரு விளக்கக் கூட்டம் மட்டும் நடத்தியது. பெரிய கம்பெனி ஒன்று மாதக்கணக்கில் பாக்கி வைத்திருக்கிறது, எங்கள் பெயர் போடாமல் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்புங்கள் என்று சிலர் சேர்ந்து கேட்டதற்கும் பதில் மழுப்பலாகவே வந்தது. அந்தக் கம்பெனிதான் சங்கக் கண்காட்சிக்கு ஸ்பான்சர். இதற்கு இன்னொரு ஸ்டார் வெட்டு. ஸ்பான்சர் பணத்தில் ஓடுகிற சங்கத்துக்கு எங்கள் சந்தா எவ்வளவு முக்கியம் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அமைச்சர் சந்திப்புகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. சால்வை, பூங்கொத்து, போட்டோ, "ஆவன செய்கிறோம்". ஒரே ஒரு கூட்டம்தான் ஊரே பேசியது. 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் கோவை வந்தபோது, ஓட்டல்காரர்கள் சார்பில் பேசியவர் பன்னுக்கு வரி இல்லை, அதில் க்ரீம் வைத்தால் 18 சதவீதமா என்று நம்ம ஊர் நக்கலோடு கேட்டாரே, அது. அரங்கமே சிரித்தது. அடுத்து அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோ வந்தது, அதையும் ஊர் பார்த்தது. ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் மாற்றத்தில், கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு வரி 5 ஆகிவிட்டது. அந்தக் கேள்வியால்தான் ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பக்க மனு விளக்காத ஒரு குளறுபடியை ஒரு பன் விளக்கிவிட்டது என்பது நிஜம். சங்கங்கள் இதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உதாரணம் சொல்கிற விதத்தை. அவர்கள் எடுத்துக்கொண்டதோ வேறு: இப்போதெல்லாம் யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

சரி, சேரலாமா? இருபது, முப்பது பேர் வேலை செய்கிற, சொந்தமாகப் பொருள் தயாரிக்கிற இடம் என்றால் யோசிக்காமல் சேருங்கள், உங்கள் குரல்தான் அங்கே ஏற்கனவே ஓங்கி இருக்கிறது. என்னைப் போல ஜாப் ஒர்க் மட்டும் என்றால், உங்கள் பகுதியில் குறுந்தொழிலுக்கென்றே தனிச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். ஆபீசில் ஏ.சி. இருக்காது, ஆனால் பேமெண்ட் பாக்கியைப் பற்றிப் பேசினால் யாரும் நெளிய மாட்டார்கள். எதில் சேர்ந்தாலும் சேருவதற்கு முன் போன வருடம் கொடுத்த மனுக்களின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ ஆல்பத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம். மனுவில் எண்கள் இருக்கின்றனவா, அது சரியான இடத்துக்குப் போயிருக்கிறதா (மின்கட்டணத்துக்கு அமைச்சர் வீடு மட்டும் போதாது, ஆணையத்துக்கும் போயிருக்க வேண்டும்), பதில் வந்ததா, வராவிட்டால் மறுபடி எழுதினார்களா என்று பாருங்கள். நிர்வாகக் குழுவில் பத்துப் பேருக்குக் கீழே ஆள் வைத்திருக்கிறவர் ஒருவராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அக்கா பில் கேட்டால் அனுப்புங்கள். எங்கள் குரூப்பில் குட் மார்னிங் போடுகிறவர்களில் கால்வாசிப் பேர்கூட அன்றைக்கு பில் அனுப்பவில்லை. அதை அனுப்பாமல் சங்கம் என்ன கிழித்தது என்று கேட்பவர்களுக்கு இந்த ரிவ்யூவில் ஸ்டாரே கிடையாது.

நான் இந்த வருடமும் புதுப்பித்துவிட்டேன். ஆயுள் உறுப்பினர் ஆகிவிடுங்கள், லாபம் என்றார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருடா வருடம் கட்டினால்தான் வருடா வருடம் கேள்வி கேட்கலாம். ரசீது மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆடிட்டர் தொழில் செலவில் காட்டிவிடுவார்.