முழு லிஃப்ட் கிட் என்று சொல்லி ஸ்பேசர், புதியது என்று சொல்லிப் பழைய டயர்: தார் வைத்திருப்பவர்களின் கவனத்துக்கு

மஹிந்திரா தார் வண்டிக்கு சஸ்பென்ஷனை உயர்த்திப் பெரிய டயர் போட எண்ணியிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கோயம்புத்தூரில் இத்தகைய வேலைகளுக்கென்றே இயங்கும் ஒரு பணிமனையில், ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு, பேசிய பொருளை விட்டுவிட்டு வேறு பொருளை என் வண்டியில் பொருத்தி அனுப்பினார்கள். அதனால் வண்டி முன்பிருந்ததைவிட மோசமானதோடு, மலைப்பாதையில் ஓட்டுவதற்கே ஆபத்தானதாகவும் ஆகிவிட்டது.

தாண்டிக்குடிக்கு அப்பால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு காப்பித் தோட்டம் உண்டு. ஊர்ச் சாலை முடிந்ததும் கல்லும் செம்மண்ணும் கலந்த பாதைதான். ஐப்பசி, கார்த்திகையில் அது சேறாகிவிடும். அங்கே வண்டியின் அடிப்பகுதி கல்லில் இடிக்காமல் போக வேண்டும் என்பதே என் தேவை. பணிமனை உரிமையாளரிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். இரண்டு அங்குல லிஃப்ட் கிட் ஒன்றைப் பரிந்துரைத்த அவர், நான்கு சக்கரத்துக்கும் நீளமான புதிய காயில் ஸ்பிரிங்கும், அவற்றுக்கு ஏற்ற புதிய ஷாக் அப்சார்பரும் அதில் அடங்கும் என்றார். டயருக்கு, 17 அங்குல ரிம்மில் 285/70 அளவுள்ள, சேற்றுப் பாதைக்கான இறக்குமதி மட் டெரெய்ன் டயர், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. இவ்வளவையும் போட்டால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி மூன்று அங்குலம் கூடும் என்றும், ஆர்.டி.ஓ. தரப்பில் எந்தச் சிக்கலும் வராது என்றும் உறுதி கூறினார்.

வண்டி கைக்கு வந்த நாளிலிருந்தே ஸ்டீயரிங் சரியில்லை. நான்குவழிச் சாலையில் நேராகப் போகாமல் இரு பக்கமும் அலைந்தது. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும்போது கொண்டை ஊசி வளைவைத் திருப்பி முடித்த பின் தானாக நேராகத் திரும்ப வேண்டிய ஸ்டீயரிங்கை நாமே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாதையில் முன் சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒவ்வொரு முறையும் இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. மழையில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி நிற்க முன்பைவிட அதிகத் தூரம் எடுத்தது. தொலைபேசியில் கேட்டபோது, லிஃப்ட் செய்த வண்டிகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்ற பதில்தான் கிடைத்தது.

உண்மை வெளிப்பட்டது திண்டுக்கல்லில், வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில். முன் சக்கரங்களின் கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) இரண்டையும் உரிய எல்லைக்குள் கொண்டுவரவே முடியவில்லை என்று சொன்ன அந்த மெக்கானிக், வண்டியைத் தூக்கி அடியில் விளக்கடித்துக் காட்டினார். முன்புறம் இருந்தவை நிறுவனம் பொருத்திக் கொடுத்த அதே ஸ்பிரிங்குகள், அதே ஷாக் அப்சார்பர்கள். அவற்றின் மேல்முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஓர் அலுமினிய ஸ்பேசர், அதாவது உயரத்தைக் கூட்ட வைக்கும் உலோகத் துண்டு மட்டும் செருகப்பட்டிருந்தது. பின்புறமும் பழைய ஸ்பிரிங்கின் மேல் ஒரு பாலியூரித்தேன் வளையம். ஷாக் அப்சார்பருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் உறையான பூட் ஒரு பக்கத்தில் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கிரீஸ் தெறித்திருந்தது.

ஸ்பேசர் போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. குறைந்த செலவில் சிறிது உயரம் வேண்டுவோருக்கு, அதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கலாம். ஆனால் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். தாரின் முன் சஸ்பென்ஷன் இரட்டை விஷ்போன் வகை; ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் (கைகள்) தாங்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தொகுதி கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், மேலே செருகும் ஸ்பேசரின் தடிமனைவிடச் சக்கரம் அதிகமாகக் கீழே தள்ளப்படுகிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவையே என்பதால் அவற்றின் தன்மையில் எந்த முன்னேற்றமும் இல்லை. மாறாக, சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்போது மேல் ஆர்மும், அதைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் அவற்றுக்கு வகுக்கப்பட்ட கோணத்தைத் தாண்டிப் போகின்றன. நான் கேட்ட மோதல் ஓசை அங்கிருந்துதான் வந்தது. சி.வி. ஜாயின்ட் எப்போதும் கூர்மையான கோணத்தில் சுழல்வதால் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிகின்றன. காஸ்டர் குறைவதால் ஸ்டீயரிங் அலைகிறது. கேம்பர் மாறுவதால் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது.

இன்னொரு தவற்றையும் அந்த மெக்கானிக்தான் சுட்டிக்காட்டினார். ஆர்ம்கள் சேஸிஸோடு இணையும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குரிய போல்ட்டுகளை, வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். வண்டியைத் தூக்கும் மேடையில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய துணியைப் போல எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது.

உயரக் கணக்கு இன்னும் வருத்தம் தருவது. தாரின் பின் ஆக்சில் ஒரே தண்டாக அமைந்த திட ஆக்சில். அதன் நடுவில், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் குண்டுதான் கல்லில் முதலில் இடிக்கும் பகுதி. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் உடல்தான் மேலே போகுமே தவிர, அந்தக் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. நிறுவனம் தந்த 255/65 ஆர் 18 டயரின் விட்டம் ஏறக்குறைய 789 மி.மீ., 285/70 ஆர் 17 டயரின் விட்டம் 831 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது 21 மி.மீ.தான் ஆக்சிலுக்கு அடியில் எனக்குக் கிடைத்தது. எனக்குச் சொல்லப்பட்டதோ மூன்று அங்குலம். விட்டம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியிருப்பதால், முன்பு வேகமானியில் 100 எனக் காட்டிய அதே ஓட்டத்தில் வண்டி இப்போது 105 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதையும் யாரும் சொல்லவில்லை. பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கூடியதால் கதவின் கீல் தளர ஆரம்பித்தது தனி.

டயர் விஷயத்தில் நடந்ததை வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்றே கருதுகிறேன். டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 3117 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். தேதியோடு கூடிய முழுக் குறியீடு பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும். என் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் அந்தப் பக்கம் உட்புறம் போகுமாறு மாட்டியிருந்தார்கள். தரையில் படுத்து விளக்கடித்துப் பார்த்தபோது மூன்று டயர்களில் 2017, ஒன்றில் 2018. ஈரச் சாலையில் வண்டி நிற்காமல் போனதற்கு, மட் டெரெய்ன் டயரின் இயல்போடு, ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிப்போன ரப்பரும் காரணம். 2020 ஜூன் மாதம் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் வந்த சரக்கை, கிடைப்பதற்கு அரிய பொருள் என்று சொல்லி உயர்ந்த விலைக்குத் தள்ளிவிட இதுவே அவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. இந்தியாவில் விற்கப்படும் டயருக்கு, இறக்குமதியானாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். என் டயர்களில் அது இல்லை.

டயர் பத்து பிளை (பத்து அடுக்குக்குச் சமமான வலிமை) என்று பெருமையாகச் சொன்னதையும் குறிப்பிட வேண்டும். அந்த டயரின் சுமைக் குறியீடு 121. ஒரு டயரே 1,450 கிலோ தாங்கும். இரண்டு டன்னுக்கும் குறைவான எடையுள்ள வண்டிக்கு அவ்வளவு கடினமான பக்கச்சுவர் தேவையே இல்லை; ஒவ்வொரு கல்லும் இடுப்பில் இடிக்கிறது. என்னைப் போன்ற தோட்டப் பாதைத் தேவைக்கு, நிறுவன அளவிலேயே அல்லது 265/70 ஆர் 17 போன்ற, விட்டம் இரண்டு சதவீதத்துக்குள் மாறும் அளவில், எல்லாப் பாதைக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெய்ன் டயர் போதுமானது என்பதே இப்போது என் உறுதியான கருத்து.

பில்லில் “சஸ்பென்ஷன் வேலை” என்ற ஒற்றை வரியும் மொத்தத் தொகையும் மட்டுமே உள்ளன. டயரின் பெயரும் இல்லை, கிட்டின் பாக எண்ணும் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது, கிழிந்த பூட் தேய்மானப் பொருள் என்றும், டயரைப் பார்த்துத்தானே எடுத்துப் போனீர்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். சட்டச் சிக்கல் வராது என்ற வாக்குறுதியும் பொய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்குத்தான் விதிக்கப்படும். ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். உரிய பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறையே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

வேலையை ஒப்படைப்பதற்கு முன், ஸ்பிரிங், ஷாக் ஒவ்வொன்றின் தயாரிப்பாளர் பெயரையும் பாக எண்ணையும், டயரின் அளவு, சுமைக் குறியீடு, தயாரிப்பு வாரம் ஆகியவற்றையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அலைன்மென்ட் அச்சுப் பிரதியைக் கேளுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் உங்களிடமே தரச் சொல்லுங்கள். தர முடியாது என்றால் அவை இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கக்கூடும். ஏற்கெனவே மாற்றியவர்கள் முன் சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்து, உட்புறத்தில் விளக்கடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் தொகுதியின் தலையில் தனியாக ஓர் உலோகத் துண்டு தெரிந்தாலோ, சி.வி. ஜாயின்ட்டின் ரப்பர் பூட்டைச் சுற்றிக் கிரீஸ் ஈரம் இருந்தாலோ, அதைச் சரிசெய்யும் வரை மலைப்பாதைக்கு அந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.