கயோட்டீஸின் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கி ஏமாந்தேன், உங்கள் ஊரிலும் இது நடக்கும்

2024 ஏப்ரல் 17, புதன்கிழமை மாலை. அரிசோனாவில் டெம்பி ஊரில் இருக்கும் மல்லெட் அரீனா வாசலில் நானும் என் பதினொரு வயது மகளும் நிற்கிறோம். அரிசோனா கயோட்டீஸ் ஐஸ் ஹாக்கி அணி இந்த மண்ணில் ஆடப்போகும் கடைசி ஆட்டம். வாசலில் இருந்த பெண் என் போனை வாங்கி ஸ்கேனர் முன்னால் காட்டினார், சிவப்பு விளக்கு. திரையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை காட்டினார், மறுபடியும் சிவப்பு. அப்புறம் என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டு, மகள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: "சார், இது டிக்கெட் இல்லை, டிக்கெட்டோட ஸ்கிரீன்ஷாட். இன்னைக்கு இது மாதிரி நிறையப் பேர் வந்துட்டாங்க."

இரண்டு டிக்கெட்டுக்கு நான் கொடுத்தது 640 டாலர். அந்தப் பணம் திரும்பி வரவில்லை, வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் இதை எழுதுவதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. ஒரு ஊரை விட்டு ஒரு அணி கிளம்பும் அந்த ஒரு வாரத்தில் நம்மை மாதிரி ஆட்கள் எவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்கிறோம் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன். அதே வருஷம் செப்டம்பரில் ஓக்லாந்தில் பேஸ்பால் அணி கடைசி ஆட்டம் ஆடியபோது அங்கிருக்கும் நண்பர் ஒருவர் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார், அவருக்கு போனில் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 10-ஆம் தேதி, அணி யூட்டாவுக்குப் போகப்போகிறது என்று செய்தி கசிந்தது. 12-ஆம் தேதி கனடாவின் எட்மன்டனில் ஆட வந்திருந்த வீரர்களிடம் அணியின் பொது மேலாளர் பில் ஆம்ஸ்ட்ராங் நேரில் போய் விஷயத்தைச் சொன்னார். சொந்த ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். மல்லெட் அரீனா ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கம், மொத்தமே ஐயாயிரம் பேருக்குள்தான் உட்காரலாம். டிக்கெட் ஆப்பில் விலை ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போனது. மகள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமலே இரண்டு நாள் கயோட்டீஸ் ஜெர்சியைக் கழற்றாமல் சுற்றினாள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

ரசிகர்கள் குழு ஒன்றில் ஒருவர் எழுதியிருந்தார்: வேலை விஷயமாக ஊருக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது, இரண்டு டிக்கெட் இருக்கிறது, வியாபாரிகளுக்கு விற்க மனசில்லை, குழந்தையைக் கூட்டிப்போகும் குடும்பத்துக்குக் கொடுக்கிறேன் என்று. ஆப்பில் விலை அப்போது இதைவிட அதிகம், அதனால் நல்ல மனுஷன் என்று நம்பினேன். அணி முன்பு க்ளென்டேல் ஊரில் ஆடிய காலத்து அரங்கப் படங்கள் எல்லாம் அவர் பக்கத்தில் இருந்தன. என் மகளைப் பற்றி விசாரித்தார், எந்த வீரரைப் பிடிக்கும் என்று கேட்டார். இப்போது யோசித்தால் அந்தக் கேள்விதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது, பணத்தைவிட அதுதான். உடனடியாகப் பணம் போகும் ஆப் ஒன்றில், "நண்பருக்கு அனுப்புகிறேன்" என்ற வகையில் அனுப்பச் சொன்னார், இல்லாவிட்டால் கட்டணம் பிடிப்பார்களாம். அனுப்பினேன். டிக்கெட்டை ஆப் வழியாக மாற்றிக்கொடுக்கும் வசதி அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லி இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அவ்வளவுதான். ஆட்டத்தன்று மதியம் வரைக்கும் பதில் போட்டார், வாசலில் இருந்து நான் கூப்பிட்டபோது என் எண்ணை பிளாக் செய்திருந்தார்.

நான் கணக்கு வழக்கில் கவனமான ஆள்தான். அப்படிப்பட்டவன் ஏன் விழுந்தேன் என்பதற்கு இந்த அணியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலைக்காக நான் ஃபீனிக்ஸுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கும் சேண்ட்லருக்கு வந்தது 2015-இல். வந்த புதிதில் ஆபீஸில் ஹாக்கிப் பேச்சு எழுந்தபோது கேட்ட முதல் வாக்கியமே "அந்த டீம் போயிடும்" என்பதுதான். 1996-இல் கனடாவின் வின்னிபெக்கில் இருந்து இங்கே வந்த அணி. முதலில் ஃபீனிக்ஸ் நகரின் நடுவில் ஒரு கூடைப்பந்து அரங்கத்தில் ஆடினார்கள், அங்கே பல இருக்கைகளில் இருந்து ஒரு பக்கத்து கோல் தெரியாது. 2003 டிசம்பரில் மேற்குப் பக்கம் க்ளென்டேலில் கட்டிய புது அரங்கத்துக்குப் போனார்கள். அரங்கம் நன்றாக இருந்தது, ஆனால் கிழக்குப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை நாளில் போவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ரயிலும் கிடையாது. 2009-இல் அணி திவால். பிளாக்பெர்ரி கம்பெனியை நடத்திய ஜிம் பால்சிலி அணியை வாங்கி கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார், நீதிமன்றம் விடவில்லை, கடைசியில் இந்த அணிகளெல்லாம் ஆடும் என்ஹெச்எல் என்ற ஹாக்கி லீக்கே 14 கோடி டாலருக்கு வாங்கி நான்கு வருஷம் நடத்தியது. அணியை ஊரில் வைத்துக்கொள்ள க்ளென்டேல் நகராட்சி வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு வருஷம் கொடுத்தது, எல்லாம் ஊர் மக்களின் பணம். 2013-இல் புது உரிமையாளர்களுடன் ஒப்பந்தம், நகராட்சி மன்றத்தில் 4-க்கு 3 என்ற ஓட்டில் தப்பியது, 2015-இல் அதே நகராட்சி அதை ரத்து செய்தது.

இதற்கு நடுவில் 2012 என்று ஒரு வருஷம் இருந்தது. உரிமையாளரே இல்லாத அணி, லீக் பராமரிப்பில் இருந்த அணி, அந்த வருஷம் சிகாகோவையும் நாஷ்வில்லையும் வென்று மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரைக்கும் போனது. கேப்டன் ஷேன் டோன், வின்னிபெக்கில் இருந்து அணியோடு வந்து இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஒரே அணிக்கு ஆடியவர். நான் அப்போது இங்கே இல்லை, ஆனால் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசாத பழைய ரசிகர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

2021-இல் க்ளென்டேல், குத்தகையைப் புதுப்பிக்க மாட்டோம், அடுத்த சீசனோடு வெளியே போங்கள் என்றது. அதே வருஷம் டிசம்பரில், வரிப் பாக்கியைக் கட்டாவிட்டால் அரங்கத்தைப் பூட்டிவிடுவோம் என்று எச்சரித்ததும் செய்தியில் வந்தது. 2022 அக்டோபரில் மல்லெட் அரீனாவுக்கு வந்தார்கள், தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். டெம்பியில் பழைய குப்பைக்கிடங்கு இருந்த 46 ஏக்கரில் 210 கோடி டாலரில் அரங்கமும் வீடுகளும் கடைகளும் கட்டுவதாகத் திட்டம், 2023 மே 16-இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு மூன்று கேள்விக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டெம்பி மக்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் க்ளென்டேலைப் பார்த்திருக்கிறார்கள். அதன்பிறகு வடக்கு ஃபீனிக்ஸில் அரசு நிலம் ஏலத்துக்கு வருகிறது, அதை எடுத்துக் கட்டுவோம் என்றார்கள்.

ஒன்பது வருஷமாக "போகிறது, போகவில்லை" என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசி நிமிஷத்தில் ஏதோ ஒன்று நடந்து அணி தங்கிவிடும், அதனால் அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். அந்த ஏப்ரலில் ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்று தெரிந்த நிமிஷத்தில் என் நிதானம் போய்விட்டது. ஏமாற்றுகிறவன் காத்திருப்பது அந்த நிமிஷத்துக்குத்தான்.

பாலைவனத்தில் ஐஸ் ஹாக்கி எதற்கு என்று சிரித்தவர்கள் நிறைய, நம் ஆட்களே கேட்டிருக்கிறார்கள். என் மகள் ஏழு வயதில் ஸ்கேட்டிங் தொடங்கினாள். ஜூலையில் வெளியே 43 டிகிரி, காரின் டிக்கியில் மறந்துவிட்ட ஸ்கேட்டின் இரும்பு தொட முடியாத சூடு, அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனால் ஸ்வெட்டர் போட வேண்டும். இந்த ஊரில் அந்தக் குளிர் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே கோடையைக் கழித்தவர்களுக்குத் தெரியும். இன்றைய பெரிய ஹாக்கி வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் வளர்ந்தது பக்கத்து ஸ்காட்ஸ்டேலில், சின்ன வயதில் கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தின் மீது அவருக்கு ஆசை வந்தது. 2016-இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில் லீக்கின் முதல் தேர்வாக டொராண்டோ அணிக்குப் போனார். அணி இங்கிருந்து கிளம்பிய அதே சீசனில் அவர் 69 கோல் அடித்து லீக்கில் முதல் ஆளாக நின்றார். பாலைவனத்தில் ஹாக்கி வளராது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, அன்று இரவுக்கு வருகிறேன். மகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, வீட்டுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து போனில் வர்ணனையைக் கேட்டோம். ஒவ்வொரு கோலுக்கும் உள்ளே கூட்டம் கயோட்டி (அணிக்குப் பெயர் தந்த, ஓநாய் இனத்து விலங்கு) மாதிரி ஊளையிடும், அது முதலில் சுவர் வழியாகக் கேட்கும், சில நொடி கழித்து போனில் கேட்கும். எட்மன்டனை 5-2 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்தும் வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. மறுநாள் லீக் நிர்வாகம் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது, 120 கோடி டாலர், அணி யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனது. இப்போது அதன் பெயர் யூட்டா மேமத்.

பணம் அனுப்பிய ஆப்பில் புகார் கொடுத்தேன், நண்பருக்கு அனுப்பும் வகையில் நீங்களாகவே அனுப்பியது, பாதுகாப்பு கிடையாது என்றார்கள். வங்கியும் அதையே சொன்னது. கிரெடிட் கார்டில், பொருள் வாங்குவதாகக் காட்டிக் கட்டியிருந்தால் மறுப்புத் தெரிவித்துப் பணத்தைக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் பதிந்து வைத்திருக்கிறேன்.

டிக்கெட்டைப் பற்றி நான் தாமதமாகத் தெரிந்துகொண்டது இது: இப்போதெல்லாம் பெரிய அரங்கங்களின் போன் டிக்கெட்டில் பார்கோடு நிலையாக நிற்காது, சில நொடிகளுக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கும், அதன்மேல் ஒரு கோடு ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதனால் ஸ்கிரீன்ஷாட்டை யார் அனுப்பினாலும் அது டிக்கெட் இல்லை. விற்கிறவர் ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றி, உங்கள் பெயரில் அது வந்து உட்கார்ந்த பிறகுதான் பணம். ஆப் வேலை செய்யவில்லை என்று சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், குழந்தையைப் பற்றி எவ்வளவு அன்பாக விசாரித்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணியை விற்றாலும், ஐந்து வருஷத்துக்குள் அரங்கம் கட்டினால் புது அணி தருவோம் என்று உரிமையாளர் அலெக்ஸ் மெருவேலோவுக்கு லீக் வாய்ப்புக் கொடுத்திருந்தது. ஜூன் 21-இல் வடக்கு ஃபீனிக்ஸின் அந்த நில ஏலத்தையே மாநில நிலத் துறை ரத்து செய்தது, மாதம் முடிவதற்குள் அவரும் விலகிக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு மாத நம்பிக்கையை வைத்தும் ஆட்கள் கிளம்பினார்கள். "புது அணி வருகிறது, 100 டாலர் முன்பணம் கட்டினால் முதல் வரிசை" என்று எனக்கே மெசேஜ் வந்தது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எத்தனை வருஷம் என்று திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிவிட்டார். டோனின் 19-ஆம் எண் ஜெர்சி, கையெழுத்துடன் என்று சொல்லி விற்றதையும் அவர் வாங்கினார், அதே குழுவில் இன்னும் இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கையெழுத்து ஒரு நூல்கூடப் பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் அச்சாகியிருக்கிறது.

மகள் இன்னும் ஆடுகிறாள், சனிக்கிழமை காலையில் பயிற்சி. நான் பேசிய அந்த நபரின் மெசேஜ்கள், பணம் போன கணக்கின் பெயர், போலி டிக்கெட் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த வாரம் உங்களுக்கும் இதே நடையில் யாராவது எழுதியிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன், நீங்கள் கொடுக்கும் புகாரில் என் புகார் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.